சிரிப்புத் தீவில் இறங்கியவர்

லேபிலும் சரி, தெருவிலும் சரி, அவரைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். செயற்கைப் பல் செய்வதில் இருபத்திரண்டு வருட அனுபவம். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம்கூடப் பார்த்திராத ஆட்களுக்கு முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் செய்து கொடுப்பார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "பல்லக்குல வெச்சுத் தாங்குவேன்னு சொல்லிக் கட்டிக்கிட்டேன். ஒரு எழுத்து மாறி பல்லக்கா ஆயிட்டா" என்று ஆள் கிடைத்தால் போதும், சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

நான் அக்காவுக்குப் பக்கத்து மேஜை. அவர் பல் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் உலோகத்தை மறைக்கக் கெட்டியாக ஒரு வெள்ளைப் பூச்சு. அதை உலையில் சுட்டு ஆறவைத்து, மேலே கொஞ்சம் மஞ்சள் கலந்த பீங்கான் பூச்சு. மறுபடி உலை. கடைசியாக, வெளிச்சம் ஊடுருவிப் போகிற மாதிரி மெல்லிய பூச்சு இரண்டு. அவசரப்பட்டு ஒரே பூச்சில் முடித்த பல் வாய்க்குள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கும் என்பார்.

வீட்டில் அவர் வரைந்த படங்களும் இதே கணக்குதான். துவைக்கிற மெஷின் வைத்திருந்த பின்னறையில், ஜன்னலோரம் ஒரு பழைய மேஜை. பலகையில் வெள்ளை அடித்து, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தைத் தண்ணீர் போலக் கரைத்து ஒரு பூச்சு. நான்கு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அடுத்த பூச்சு. ஒரு படத்துக்குப் பதினைந்து, இருபது பூச்சுகூட ஆகும். வரைந்ததெல்லாம் கடல்தான். அயர்லாந்துக்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சொல்லிவைத்த கடல் பயணக் கதைகள். மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய படகில் கொஞ்சம் பேர் கிளம்புவார்கள். துடுப்பைப் போட்டுவிட்டுக் காற்று கொண்டுபோகிற பக்கம் போவார்கள். ஒரு தீவில் பறவைகள் பாடும். ஒரு தீவில் கொல்லர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் படகு மேல் எறிவார்கள். ஓரிடத்தில் கடல் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். குனிந்து பார்த்தால் கீழே வீடு, தோட்டம், மாடு, மனிதர்கள் என்று ஒரு ஊரே இருக்கும்.

அந்தக் கண்ணாடிக் கடலை அக்கா வரைந்த படத்தை நான் பார்த்திருக்கிறேன். அடிப்பூச்சில் ஊரை முழுசாக வரைந்துவிட்டு, மேலே பச்சையும் நீலமுமாகப் பூசிக்கொண்டே போயிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் கூரைகள் தெரியும். தள்ளி நின்றால் வெறும் தண்ணீர்.

"இந்தக் கதையெல்லாம் எங்கக்கா பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நூலகத்துல ஒரு புத்தகம் கிடைச்சுது" என்றார்.

அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. இனிமேல் சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, அவரே பிறகு ஒரு நாள் லேப் மாடிப்படியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

அக்காவுக்கு ஒரு அண்ணன். ஏழு வயது பெரியவர். தபால் பிரிக்கிற வேலையில் இருந்தார். இருபத்தொரு வயதில் அவருக்குச் சிரிப்பு வந்தது. வேலை செய்யும்போது சிரித்தார், சாப்பிடும்போது சிரித்தார், அம்மா இறந்துகிடந்த கூடத்தில் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டு, அப்பா அவரை ஊருக்கு வெளியே ஒரு மனநல இல்லத்தில் சேர்த்தார். சில வருடங்களில் அப்பாவும் போய்விட்டார். அக்கா பல் தொழில் படிக்க இந்த ஊருக்கு வந்தார். இங்கே அவருக்கு யாரையும் தெரியாது. யாருக்கும் அவரைத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால், இப்போதைய கணவர் ஒரு டீக்கடையில் வைத்துச் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார்: "கூடப் பிறந்தவங்க யாராவது?"

"இல்லை. நான் ஒரே பொண்ணு."

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது என்றார் அக்கா. மறுநாளே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மறுநாள் திருத்தாததை மறுமாதம் எப்படித் திருத்துவது? மகள் பிறந்த பிறகு எப்படி? அப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

ஆனால் அண்ணனைப் போய்ப் பார்ப்பதை நிறுத்தவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போவார். இல்லத்து வாசலில் ஒரு பதிவேடு இருக்கும்; பெயர், நேரம், 'உறவு' என்று மூன்று கட்டம். முதல் சில வருடங்கள் 'தங்கை' என்று எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு 'தெரிந்தவர்' என்று எழுத ஆரம்பித்தார். அதை எவன் படிக்கப் போகிறான்? ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு வரும்போது கை கூசும் என்றார்.

கடல் கதைப் புத்தகம் அங்கே கிடைத்ததுதான். யாரோ தானமாகக் கொடுத்த இங்கிலீஷ் புத்தகம், அட்டை கிழிந்தது. அக்கா ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்வார். அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பார், குறுக்குக் கேள்வியும் கேட்பார்.

"தோல் படகுன்னா ஓட்டை விழாதா குட்டி?"

"கொழுப்பு தடவுவாங்களாம் அண்ணா."

"நாத்தம் குடலைப் பிடுங்குமே! அதை எழுத மாட்டானே புத்தகத்துல."

ஒரு ஞாயிறு சிரிப்புத் தீவு வந்தது. படகு அந்தத் தீவை நெருங்குகிறது. கரையில் ஒரு கூட்டம், காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறது. என்னவென்று பார்த்துவர ஒருவனை அனுப்புகிறார்கள். கரையில் கால் வைத்ததுமே அவனும் சிரிக்க ஆரம்பிக்கிறான். படகில் இருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவனை விட்டுவிட்டுப் படகு போய்விடுகிறது.

அண்ணன் சம்மணத்தைப் பிரித்துக் காலைத் தொங்கவிட்டார். பிறகு, "எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

போட்டிருக்கவில்லை.

அந்தத் தீவைத்தான் அக்கா எட்டு மாதம் வரைந்தார். அடியில் அண்ணன் முகம். வாய் நிறையச் சிரிப்பு. அதன்மேல் பாறை, மேலே மூடுபனி, அதற்கு மேலும் மூடுபனி. வீட்டு வெளிச்சத்தில் அது பனி மூடிய தீவு மட்டும்தான். உள்ளே ஆள் இருப்பது அவருக்கு மட்டும் தெரியும். ஒருவகையில் அது நிம்மதியாக இருந்ததாம். அண்ணனை வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. யாருக்கும் தெரியவும் இல்லை.

மகள்தான் படங்களைப் போட்டோ எடுத்து நூலகத்துக்கு அனுப்பியவள். பதினேழு வயது, அம்மாவைவிட அதிகம் பேசுவாள். நூலகத்துக் கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் ஆறு பேரின் ஓவியக் கண்காட்சி என்று முடிவாயிற்று. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில், இல்லத்தில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் அம்மாவிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

திறப்பு நாள் சனிக்கிழமை காலை. லேபிலிருந்து நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். முதலாளிகூட வந்து, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா பல்லுக்கு இன்னும் கூட ரேட் சொல்லியிருப்பேனே" என்று ஜோக் அடித்தார். கூடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் மேலே, பக்கவாட்டில் சாய்த்து ஒரு பெரிய விளக்கு மாட்டியிருந்தார்கள். தீவுப் படத்துக்கு எதிரில் வந்ததும் அக்கா நின்றுவிட்டார். நானும் பார்த்தேன். மூடுபனி எங்கேயோ போயிருந்தது. பூச்சுக்குள் பூச்சாக வெளிச்சம் இறங்கி, அடியில் இருந்த முகத்தை அப்படியே மேலே தூக்கிக் கொடுத்திருந்தது. சுமார் ஐம்பது வயது மனிதர். அழகான பல்வரிசை. சிரித்துக்கொண்டிருந்தார்.

திறந்துவைக்க வந்த ஓவிய ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "பிரமாதம்மா. யாரு இவரு? தெரிஞ்சவரா?"

"யாருமில்லை சார். சும்மா ஒரு முகம். கற்பனை."

அக்கா சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். கதவருகே காப்பாளர் அம்மா. அவரோடு வேனில் கூட்டிவந்த ஐந்தாறு பேர். நல்ல மனசோடுதான் கூட்டிவந்திருந்தார், பாவம். அதில் நடுவில் நின்றவர்தான் சிரித்தது. தொளதொளத்த சட்டை, தலையைப் படிய வாரியிருந்தார். வாயில் முன்பல் மூன்று இல்லை.

மகள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அம்மா, அவரு அப்படியே இந்தப் படம் மாதிரி இருக்காரும்மா. யாரும்மா அது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அக்கா.

அந்தக் குரல் எனக்கே கேட்டது. சிரித்தவருக்கும் கேட்டிருக்கும். சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக நடந்து படத்துக்குக் கிட்ட வந்தார். நாங்களெல்லாம் தன்னாலே வழி விட்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, நன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, மரியாதையாகச் சொன்னார்:

"நல்லா வரைஞ்சிருக்கீங்க மேடம்."

காப்பாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "வாங்க, வேன் நிக்குது" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காவைப் பிறந்ததிலிருந்து 'குட்டி', 'நீ', 'வா', 'போ' என்று மட்டுமே கூப்பிட்டவர். தங்கை தன்னைத் தெரியாது என்றதும், அவரும் தெரியாதவராகவே நடந்துகொண்டார். காட்டிக்கொடுக்கவில்லை. "திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அந்த 'மேடம்'தான் என்னை உரிச்சுப் போட்டுடுச்சு" என்றார் அக்கா மாடிப்படியில்.

அடுத்த இரண்டு வாரம் அவர் லேபில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு கிழவருக்கு வேண்டிய கறைபடிந்த பல்லைக் கல்யாணப் பெண்ணுடைய பல் மாதிரிப் பளிச்சென்று செய்து அனுப்பி, அது திரும்பி வந்தது. கைதவறி உலைத்தட்டைக் கீழே போட்டார். என்னக்கா என்றால், தலைவலி. இல்லத்துக்குப் போகவேண்டிய ஞாயிறு வந்தது. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, பாதியில் இறங்கி, ஒரு பூங்கா பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாராம். எந்த முகத்தோடு போய் நிற்பது?

அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காப்பாளர் அம்மா போன் செய்தார்.

"தப்பு எம்மேலதாம்மா. கேக்காம கூட்டிட்டு வந்துட்டேன்."

"அண்ணன் என்னைக் கேட்டாரா?"

"உங்களைக் கேக்கலை." கொஞ்சம் தயங்கினார். "அந்த மேடம் நல்லா இருக்காங்களான்னு மட்டும் ஒருதரம் கேட்டாரு."

மறுநாள் காலை, கணவர் வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று சொன்னார். மகளும் சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். முதல் வரியிலிருந்து சொன்னார், டீக்கடையில் சொன்ன பொய்யிலிருந்து.

கணவர் ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தார் அக்கா. அவர் கத்தவில்லை.

"அப்ப அந்த ஓவர்டைம் எல்லாம்?"

"ஆமா."

"பத்தொன்பது வருஷமா எனக்கு ஒரு மச்சான் இருக்கான். நான் ஊர்ல யார் யார் லிஃப்டையோ மேலயும் கீழயும் ஓட்டிட்டிருக்கேன். அவனை ஒருதரம் போய்ப் பாத்ததில்லை." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, அவனை விடு. என்னை என்ன மாதிரி ஆளுன்னு நினைச்சே நீ? சொன்னா விட்டுட்டு ஓடிருவேன்னா?"

ஓடிவிடுவார் என்று அக்கா நினைத்ததில்லை. அவர் எதிரில் தான் குறைந்துபோவோம் என்றுதான் நினைத்தார். அதைச் சொன்னால் இன்னும் அசிங்கம் என்று சும்மா நின்றார். கணவர் இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுக்காமலே போய்விட்டார். நான்கு நாள் அவர்களுக்குள் "உப்பு எங்க?", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் பேச்சில்லை.

மகள் வேறு மாதிரி. "அவரு எனக்கு மாமா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று கிளம்பியவள், அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு பஸ் மாறி இல்லத்துக்குப் போயிருக்கிறாள். அம்மா பழகிய பொய் மகளுக்கும் ஒருநாள் உதவியது. பதிவேட்டில் 'உறவு' கட்டத்தில் 'மருமகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். முந்தைய பக்கங்களைப் புரட்டியபோது அம்மாவின் கையெழுத்தையும், பக்கத்தில் 'தெரிந்தவர்', 'தெரிந்தவர்' என்று வரிசையாக இருந்ததையும் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, பதிவேட்டைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். அக்காவுக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் ஞாயிறு. அக்கா போனார். கணவரும் கூடவே வந்தார். ஆனால் உள்ளே வராமல் வெளி வராந்தாவில் நின்றுகொண்டு, "முதல்ல நீ போய்ப் பேசு" என்றார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க மேடம்."

"அண்ணா, நான் குட்டிண்ணா."

"இங்க குட்டி. அங்க மேடம்." கணக்குச் சரிபார்ப்பது போலச் சொன்னார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. "நான் வந்தது உனக்கு அவமானமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்ததாம். இன்னொரு பொய்யா என்று விழுங்கிக்கொண்டார்.

"ஆமாண்ணா. இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றார் அண்ணன். "சிரிக்கக்கூடாது, சிரிக்கக்கூடாதுன்னு வேன்லயே நினைச்சுக்கிட்டு வந்தேன்."

அக்கா அழுதார். அண்ணன் அழ விட்டார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"படத்துல ஏன் எனக்கு முழுப் பல்லு போட்டே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல் விழுந்து பதினோரு வருடம். இருபத்திரண்டு வருடமாக ஊரில் உள்ள முகம் தெரியாத வாய்க்கெல்லாம் பல் செய்தவர், மாதம் இரண்டு தடவை எதிரில் பார்த்த வாய்க்கு ஒரு பல் செய்ய நினைக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், டாக்டர் லேபுக்கு அனுப்புவார், லேபில் யாருக்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, படத்தில் மட்டும் பல்லை வரைந்து முடித்துவிட்டார்.

"ஓட்டை வாயை வரைய வெக்கமா இருந்துச்சாக்கும்" என்று அண்ணனே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டு எல்லாம் சொன்னது. சொல்லிவிட்டு, "அச்சு நாளைக்கு வரும். வேலைச் சீட்டுல 'என் அண்ணன்'னு எழுதப்போறேன். நீ முதல்ல தெரிஞ்சுக்கிறது நல்லது" என்றார். மூன்று பற்களையும் யாரிடமும் கொடுக்காமல் தானே செய்தார். கொஞ்சம் தேய்ந்த மாதிரி, டீக்கறை பட்ட மாதிரி, பக்கத்துப் பற்களோடு இழையும்படி செய்தார். இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல வேலை அவர் செய்து நான் பார்த்ததில்லை. டாக்டர் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் வைத்தார். அண்ணன் மூன்று நாள் போட்டுக்கொண்டார். பிறகு, பேசினால் விசில் அடிக்கிறது என்று ஒரு டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டார். யாராவது பார்க்க வந்தால் மட்டும் எடுத்துக் காட்டுவாராம், தங்கச்சி செய்தது என்று.

தீவுப் படத்தை ஓவிய ஆசிரியரே விலைக்குக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈர உப்புத்தாளை வைத்து வாய்ப்பக்கம் மட்டும் பூச்சுப் பூச்சாக உரித்தார். ஒருவாரம் ஆயிற்று. மூன்று பற்கள் போய் அந்த இடத்தில் பலகையின் மரநிறம் தெரிந்தது. அதன்மேல் எதுவும் பூசவில்லை. மகள் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் கேட்டால், கணவர்தான் முந்திக்கொண்டு, "என் மச்சான்" என்கிறார். இன்னும் அக்காவிடம் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் மச்சானிடம் மாதம் ஒருதரம் போய் உட்கார்ந்து லிஃப்ட் கதை பேசுகிறார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆட்கள் உள்ளே என்ன செய்வார்கள் என்று கேட்பதில் அண்ணனுக்கு அலாதிப் பிரியம்.

போன மாதம் அவரை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்துவந்தார்கள், ஒரு பகலுக்கு மட்டும். நானும் எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். அறை அறையாக நடந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பின்னறையில் பாதி வரைந்து காயப்போட்டிருந்த பலகையைப் பார்த்து, "இது எந்தத் தீவு?" என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றார் அக்கா. சாப்பிடும்போது ஒருமுறை சிரிப்பு வந்து, சோறு மேஜையெல்லாம் தெறித்தது. மகள் துடைத்தாள். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அக்கா எழுந்து போய்த் திரையை இழுத்துவிடவில்லை. எழப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் கவனித்தேன்.

மூன்று மணிக்கே அண்ணன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நாலு மணிக்கு அங்கே டீ கொடுப்பார்கள், தாமதமானால் ஆறிவிடும் என்றார். இங்கேயே போட்டுத் தருகிறேன், ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள் என்று மகள் எவ்வளவோ கெஞ்சினாள். கேட்கவில்லை. கணவர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

நானும் அக்காவும் வாசலில் நின்றோம். வண்டி தெருமுனை திரும்பியதும் அவர் தோளைத் தளர்த்தி நீளமாக மூச்சுவிட்டார். உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அதைப் பார்த்தேனா என்று.

"பாத்தியா?" என்றார். "தங்கலைன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இவ்வளவுக்கு அப்புறமும்."

மேஜையில் பாத்திரமெல்லாம் அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் உள்ளே போய்க் கழுவினோம்.